308-ஆம் சர்வே எண்ணின் கடைசிக் கதவு

ஆத்திக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், கட்டணக் கழிப்பிடத்துக்கும் மயில் லாட்ஜுக்கும் நடுவே, புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒரு பூனை உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு மட்டும் இடுக்கு இருந்த இடத்தில், வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ரெண்டு லாரி எதிரெதிரே உரசாமல் போகக்கூடிய ஒரு தெரு இருந்தது. கருங்கல் சுவர், கருங்கல் தரை, இருபது அடிக்கு ஒரு தீப்பந்தம், முதல் திருப்பத்தில் ஈட்டியோடு காவல் நிற்கிற ரெண்டு எலும்புக்கூடு. கோவில்பட்டி பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். ஆத்திக்குறிச்சிக்காரர்கள் லேசில் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. அதுவும் அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டேகாலுக்குத்தான்.

வாயைப் பிளந்தது ஒரே ஒருத்திதான். தாலுகா ஆபீஸ் நில அளவைப் பிரிவில் வரைவாளராக இருக்கிற உலகம்மாள் ஒன்பதே முக்காலுக்கு வந்து இறங்கி, தெருவைப் பார்த்து, சாப்பாட்டுப் பையை அப்படியே தரையில் வைத்தாள். முதல் திருப்பம் இடது பக்கம், அங்கிருந்து எட்டுக் கட்டம் நேரே, பிறகு ஒரு கிணறு. உள்ளே காலெடுத்து வைக்காமலே அவளுக்கு அது தெரியும், ஏனென்றால் அந்தத் தெருவை வரைந்தவளே அவள்தான்.

நடந்தது என்னவென்றால், ஆபீஸ் சாமான் அறையில், உதவாது என்று கண்டம் பண்ணியும் ஏலத்துக்குப் போகாமல் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது, அதற்குள்ளே யாரோ எப்போதோ போட்டுவைத்த ஒரு விளையாட்டும் கிடந்தது. கறுப்புத் திரை, பச்சைக் கோடு, அவ்வளவுதான் படம். ஆறு பேருக்குப் பேர் வைத்து ஒரு பாதாளக் கோட்டைக்குள் கூட்டிப் போக வேண்டும். எந்தப் பக்கம் போகணும் என்று அம்புக்குறி காட்டாது, எதிரே வருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று அவன் தலைக்கு மேலே எழுதியிருக்காது. ஒரு வார்த்தையைத் தட்டிக் கேட்டால், தெரிந்தவன் தெரிந்ததைச் சொல்வான், தெரியாதவன் தெரியாது என்பான், மரியாதையில்லாமல் பேசினால் அவன் மட்டுமில்லை, அவன் சொந்தபந்தம் அத்தனை பேரும் அதற்கப்புறம் முகம் கொடுக்க மாட்டார்கள். உலகம்மாள் நாலு வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாத டப்பாவை மானிட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில்தான் கிடந்தாள்.

ஆபீஸில் மற்றவர்கள் போனில் விளையாடுகிறதை அவளும் ஒருநாள் வாங்கிப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் வெளிச்சம் தெறித்தது, அம்புக்குறி முன்னால் ஓடி வழி காட்டியது, ஒன்றுமே செய்யாததற்குப் பெட்டி பெட்டியாகப் பரிசு வந்தது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாயில் மிட்டாயும் போட்டு அனுப்புகிற இடத்தில் எனக்கு என்ன ஜோலி என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் கோட்டையில் ஒரு கதவு என்பது வெறும் நாலு பச்சைக் கோடு. ஆனால் அது என்ன மரம், எந்த இடத்தில் செல்லரித்திருக்கிறது, திறந்தால் எப்படி முனகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், அந்த நாலு கோட்டுக்கு மேலே மிச்சத்தையெல்லாம் போட்டவள் அவள்தானே. கிணற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த வழியை யாரும் சொல்லாமல் அவளாகவே கண்டுபிடித்த வாரம் முழுக்க வீட்டில் தோசை வட்டமாக வந்தது, அவள் வீட்டுக்காரர் பயந்துபோய் ஏதாவது பிரமோஷனா என்று கேட்டார்.

கோட்டைக்கு வழிப்படத்தை விளையாடுகிறவர்தான் வரைந்துகொள்ள வேண்டும். அங்கேதான் தப்பு நடந்தது, அந்தத் தப்பை நில அளவைக்காரியைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. பதினெட்டு வருஷமாக நிலத்துக்கு நிலம் புலப்படம் வரைந்த கை, படத்தை மொட்டையாக விடுமா? வடக்குக்குறி போட்டாள், அளவுகோல் எழுதினாள், மூலைக்கு மூலை எல்லைக்கல் காட்டினாள், கடைசியில் சர்வே எண் இல்லாமல் படம் அம்மணமாக இருக்கிறது என்று தோன்றி, பதிவேட்டில் கழிப்பிடத்தின் 307-க்கு அப்புறம் லாட்ஜின் 309 என்று எந்தக் காலத்து எழுத்தரோ தாண்டிப்போன இடத்திலிருந்து 308-ஐ எடுத்து, யார் நிலத்துக்கும் வம்பில்லை என்று அதற்குக் கொடுத்துவிட்டாள். ஊர்ப் படங்களையெல்லாம் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது கட்டோடு கட்டாக அதுவும் போனது. ஒவ்வொரு தாளிலும் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் சாட்சாத் அவளேதான். புதன்கிழமை சாயங்காலம் படம் ஏறியது, வியாழக்கிழமை காலையில் தெரு வந்துவிட்டது.

ஊர் அதை எப்படி வாங்கிக்கொண்டது என்று கேட்டால், ஆற அமர வாங்கிக்கொண்டது. முதல் நாள் மத்தியானத்துக்குள் உள்ளே ஒரு டீக்கடை வந்தது, மூன்றாம் நாள் நாலு கட்சிக் கொடிக்கம்பம் வந்தது, அஞ்சாம் நாள் பேரூராட்சி ஒரு குடிதண்ணீர்க் குழாயை நட்டுத் தண்ணீர் மட்டும் பிறகு வரும் என்றது. கோட்டைக்குள்ளிருந்து வந்த சனங்கள் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். இங்கே பிழைக்கணும் என்றானதும் நாலே நாளில் நம் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கலர் கலராகக் குப்பியில் கஷாயம் விற்கிற மந்திரக்காரியின் பச்சைக் குப்பி முதுகுவலிக்கு நல்லது என்று பீடி சுற்றுகிற பெண்கள் வரிசையில் நின்றார்கள். எலும்புக்கூடு ரெண்டுக்கும் ஊர் நெட்டை, குட்டை என்று பேர் வைத்தது. ரேஷன் கடை மெஷினில் அவர்களுக்குக் கைரேகை விழவில்லை. ஆனால் பீடி சுற்றித் தேய்ந்த விரலுக்கும் பாதிப் பேருக்கு விழுகிறதில்லை என்பதால் யாரும் அதைப் பெரிசுபடுத்தவில்லை.

உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருந்தது. அந்தத் தெரு உள்ளே போகப் போகக் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போனது, போன் படத்தில் நீலப் புள்ளி கழிப்பிட வாசலைவிட்டு நகர மாட்டேன் என்றது, வழிகாட்டிப் பலகை வைத்தால் விடிகிறதுக்குள் எழுத்தெல்லாம் அழிந்து மொட்டைப் பலகையாக நின்றது. ஆகவே மஞ்சத்தூள் வாங்கப் போகிறவர்கூட நாலு பேரைக் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கேட்க ஆரம்பித்தால் நம் சனம் வழியோடு நிறுத்துமா? கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக ஒரே காம்பவுண்டில் முகம் பார்க்காமல் இருந்த ரெண்டு ஓரகத்திகள், மூன்றாம் கிளையில் வழி தவறி நின்றபோது வேறு ஆள் கிடைக்காமல் ஒருத்தியை ஒருத்தி கேட்டு, பேச்சு வளர்ந்து, சேர்ந்தே வெளியே வந்தார்கள். வீட்டுக்கு வீடு நோட்டில் படம் வரைந்தார்கள். எந்த ரெண்டு வீட்டுப் படமும் ஒத்துப்போகாது, எந்தப் படத்தை வைத்துப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலர் முதல் நாளே மந்திரக்காரியின் குப்பிகளைக் காலால் தள்ளிவிட்டுப் போனவர்; அன்றிலிருந்து எந்தத் திருப்பத்தில் யாரைக் கேட்டாலும் அவருக்கு மட்டும் தெரியாது என்றே பதில் வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு டஜன் வாழைப்பழத்தோடு போய் மன்னிப்புக் கேட்டார். மன்னித்தாள், ஆனால் மறக்கவில்லை. இப்போதும் அவருக்குச் சுற்றுவழிதான் சொல்கிறார்கள்.

இத்தனை கூத்திலும் உலகம்மாளுக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் படம் முடியாத படம். நாலு வருஷம் விளையாடியும் கோட்டையின் கடைசிக் கதவை அவளால் தாண்ட முடிந்ததில்லை. கதவு முன்னால் ஸ்டூல் போட்டு ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார், ஆறு பேராகத்தான் அவரிடம் போகலாம், ஏதாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்வார், எதைச் சொன்னாலும் தெரியாது என்பார். அறுநூற்றுப் பன்னிரண்டு வார்த்தை தட்டிப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதனால் படத்தில் கிழக்குப் பக்கம் கோடு மூடாமல் திறந்தே கிடந்தது.

அதைத்தான் புதிதாக வந்த கோட்டாட்சியர் பிடித்தார். பேர் நிரஞ்சன், முப்பது வயசு, கோயமுத்தூர்க்காரர், முதல் தடவையே பரீட்சை தேறியவர், பிறந்ததிலிருந்து வழி தவறாதவர். எல்லை மூடாத புலம் சட்டப்படி புலமே இல்லை என்றார். பத்து நாளைக்குள் கடைசி வரை அளந்து எல்லையை மூடிக் காட்டினால் 308 நிலைக்கும். இல்லாவிட்டால் எண் ரத்து, தெரு பழையபடி பூனை இடுக்கு, வரைவாளருக்கு சஸ்பென்ஷன். உலகம்மாளுக்கு வேலை போவதுகூடப் பெரிசாகத் தோன்றவில்லை. மந்திரக்காரி அப்போதுதான் பெண்ணை ஆறாம் வகுப்பில் சேர்த்திருந்தாள், நெட்டையும் குட்டையும் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் வண்டிகளை ஒழுங்குபடுத்தி நல்ல பேர் எடுத்திருந்தார்கள். எண் ரத்தானால் அவர்கள் எல்லாரும் எங்கே போவார்கள்? இருந்த இடத்தில் இருந்தவர்களை நான்தானே கூட்டிக்கொண்டு வந்தேன் என்று அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். அவள் வீட்டுக்காரர் அதுவரை அந்தத் தெருவுக்குள் போகாதவர், அன்றைக்குப் போய் ஒரு பச்சைக் குப்பி வாங்கிவந்து கொடுத்தார், அது முதுகுக்குத்தான் என்று தெரிந்தும்.

கெடுவில் ஒன்பதாம் நாள் காலையில் உலகம்மாள் நிலம் அளக்கிற சங்கிலியையும் படத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆறு பேர் வேண்டுமே. சங்கிலி பிடிக்கிற சுடலைமுத்து வந்தார். லாட்ஜுக்குக் கீழே பியூட்டி பார்லர் வைத்திருக்கிற ஜெசிந்தா, கடையைப் பூட்டிவிட்டு, யார் வாயிலிருந்தும் வார்த்தை பிடுங்குவது என் தொழில்தானே என்று வந்தாள். புரோட்டா மாஸ்டர் பீர்முகம்மது ஒரு பார்சலோடு வந்தார். நெட்டை வந்தான். ஆறாவதுக்கு ஆள் தேடியபோது, நேரில் பார்த்ததை மகஜராக எழுதிக்கொள்ள வந்து நின்ற நிரஞ்சனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனை ஒரு தரம் பார்த்தார், நீலப் புள்ளி அசையவில்லை, சரி என்றார்.

போகிற வழியெல்லாம் உலகம்மாள் எல்லாரையும் கேட்டுக்கொண்டே போனாள். எதற்கு இத்தனை பேரைக் கேட்கிறீர்கள், ஒருத்தர் சொன்னால் போதாதா என்று நிரஞ்சன் கேட்டார். வழிக்காக மட்டும் கேட்கவில்லை என்று அவள் சொன்னாள். கிணற்றடிக்காரரை மகளைப் பற்றிக் கேட்டால்தான் பாலம் அமுங்கியிருப்பதைச் சொல்வார், பாலத்தைப் பற்றியே கேட்டால் சொல்ல மாட்டார், ஒவ்வொருவருக்குள்ளும் எது எங்கே இருக்கிறது என்பது கேட்டுப் பார்க்காமல் யாருக்குத் தெரியும்? நிரஞ்சன் தானும் விளையாடுகிறவர்தான் என்று ஒத்துக்கொண்டார், எண்பது மணிநேரம் விளையாடிய உலகத்தில் ஒரு ஆள் பேர்கூட நினைவில்லை என்றார். ஏழாம் கிளையில் அவர் நெட்டையிடம் உன் சொந்தப் பேர் என்ன என்று கேட்டார். ஊரில் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அது ரொம்ப நீளமான பேராக இருந்தது, நெட்டை அதைச் சொல்லிவிட்டு ரெண்டு தரம் தாடையைச் சரிசெய்துகொண்டான்.

கடைசிக் கதவு அவள் நினைத்த அதே மரம், அதே செல்லரிப்பு. காவல்காரர் குள்ளமான, குண்டான மனுஷர், கதவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லுங்க என்றார். நிரஞ்சன் அரசாணை எண்ணைச் சொன்னார், தெரியாது என்றார். பீர்முகம்மது பார்சலைப் பிரித்தார். சால்னா ஊற்றி மூன்று புரோட்டா தின்றுவிட்டு, ரொம்ப நல்லாருக்கு, ஆனா தெரியாது என்றார். ஜெசிந்தா அவர் சாதி சனம், பெண்டாட்டி பிள்ளை, தலைக்கு என்ன எண்ணெய் என்பது வரை கேட்டாள். எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகப் பதில் வந்தது, கதவைத் தவிர. அப்புறம் உலகம்மாள் நோட்டை எடுத்து முதலிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டையும் நிதானமாக வாசித்தாள். எல்லாவற்றுக்கும் தெரியாது. வாசித்து முடிக்கையில் மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் சங்கிலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. உள்ள என்னதான் இருக்குன்னு நீங்களாவது சொல்லுங்களேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு, இதை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லையே என்கிற முகத்தோடு சொன்னார்.

"உள்ள ஒண்ணும் இல்லம்மா. இத உண்டாக்குன ஆளு கதவ மட்டும் போட்டாரு, என்ன இங்க உக்கார வச்சாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கு மேல அவரு ஒண்ணும் எழுதல. திறக்கதுக்கு வார்த்தையே கெடையாது. வாரவங்க மனசு நோவக் கூடாதுன்னு நான் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

நாலு வருஷம், அறுநூற்றுப் பன்னிரண்டு வார்த்தை. உலகம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் அந்த ஆள்மேல்தான் பாவமாக வந்தது. நிரஞ்சன் ஆறுதலாக, அப்படியானால் வேலை சுலபம் மேடம் என்றார். கதவு வரைக்கும் அளந்தாயிற்று, கதவுக்கு இந்தப் பக்கமே நேராக ஒரு கோடு போட்டுப் புலத்தை மூடிவிடுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், தெரு நிலைத்துவிடும், உங்கள் வேலையும் நிலைத்துவிடும் என்றார். நியாயமான பேச்சு. சுடலைமுத்து கதவுக்கு முன்னால் சங்கிலியை இழுத்துப் பிடித்தார். சங்கிலி காவல்காரரின் முழங்காலைத் தொட்டு நின்றது.

காவல்காரர் குனிந்து அந்தச் சங்கிலியைப் பார்த்தார்.

"அப்பம் நான் எந்தப் பக்கம்?"

கோடு அவருக்கு முன்னால் விழுந்தால் அவர் புலத்துக்கு வெளியே, அதாவது எங்கேயும் இல்லை. அவர் முதுகு கதவில் உரசிக்கொண்டிருந்ததால், அவருக்குப் பின்னால் விழ வேண்டுமென்றால் கதவும் உள்ளே வந்தாக வேண்டும், கதவென்று ஒன்று உள்ளே வந்தால் அதற்கு அந்தப் பக்கம் ஏதாவது இருந்தாக வேண்டும். பதினெட்டு வருஷத்தில் உலகம்மாள் அளக்காத கோடு ஒன்றைக்கூடப் போட்டதில்லை. மாமனார் வீட்டு வரப்புத் தகராறில்கூடப் போட்டதில்லை. அன்றைக்குப் பென்சிலை எடுத்தாள். அவள் படத்தைத் தரையில் விரித்து, ஸ்டூலுக்கும் கதவுக்கும் அந்தப் பக்கமாக, நிலைப்படியை ஒட்டி ஒரே கோடு இழுத்துப் புலத்தை மூடினாள். மூடிய கோட்டுக்கு வெளியே, பக்கத்துப் புலத்தின் எண்ணை எழுத வேண்டிய இடத்தில், பக்கத்துப் புலம் என்று ஒன்று இல்லாத அந்த இடத்தில், பதிவேட்டில் ஊரின் கடைசி எண் 644 என்பது தெரிந்தே, 645 என்று எழுதினாள்.

நிரஞ்சன் தாளை வாங்கிப் பார்த்தார். அந்த எண்ணின்மேல் அவர் விரல் நின்றது. அது கம்ப்யூட்டரில் ஏறினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன, அவர் நின்றுகொண்டிருந்த இடமே அப்படி வந்ததுதானே.

"இதுல என்ன இருக்கும் மேடம்?"

"போய்க் கேட்டாத்தான் தெரியும் சார்."

அவர் பேனாவைத் திறந்ததிலும் மூடியதிலுமாக ஒரு கால்மணி நேரம் போனது. கடைசியில், முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருக்கிறவராக உட்கார்ந்திருந்த அந்தக் குள்ள மனுஷரை ஒரு தரம் பார்த்துவிட்டு, சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே படம் ஏறியது. மறுநாள் காலை ஆறு பேரும் போகும்போது பின்னால் பாதி ஊர் வந்தது, ஜெசிந்தாவின் வாடிக்கைக்காரிகள், பீடிக்காரப் பெண்கள், வாழைப்பழத்தோடு கிராம நிர்வாக அலுவலர், எல்லார் கக்கத்திலும் ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் வெயில் தெரிந்தது. உள்ளிருந்து ஏதோ வெந்துகொண்டிருக்கிற வாசனையும், நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தமும் வந்தன. காவல்காரர் எழுந்து நின்றிருந்தார். உட்கார்ந்தே இருந்தவருக்கு நிற்க வரவில்லை, ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். இத்தனை காலமாக முதுகைக் காட்டியே இருந்த கதவை அவர் இப்போதுதான் நேராகப் பார்க்கிறார். முதலில் நீங்கள்தான் போகணும் என்று கூட்டமே சொன்னது. அவர் உலகம்மாளின் பக்கம் திரும்பி, சின்னக் குரலில் கேட்டார்.

"வரைஞ்சது நீதான? உள்ள என்ன இருக்குன்னு சொல்லும்மா. எனக்குப் பயமா இருக்கு."

உலகம்மாள் தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தாங்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பைப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டது. ரெண்டு பேருமாகக் கதவைத் தள்ளினார்கள்.